விண்டோஸ் 10 முடிஞ்ச பிறகு நீங்க எதுக்கு மாறினீங்க? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

காவேரிப்பட்டணம், ஜெராக்ஸ் டிடிபி கடை

எல்லாருக்கும் வணக்கம். பதினாறு வருஷமா கடை வச்சிருக்கேன். ரெண்டு கம்ப்யூட்டர். முன்மேசையில ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசசர், உள்ளே பத்திரிகை டிசைன் பண்றது நாலாம் தலைமுறை ஐ3. எஸ்எஸ்டிங்கற வேகமான டிஸ்க் போட்டதால ரெண்டும் இன்னும் நல்லாத்தான் ஓடுது. ஆனா 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் நின்னுபோச்சு. விண்டோஸ் 11 போடலாம்னா இன்டெல்ல எட்டாம் தலைமுறையோ அதுக்கு மேலயோ வேணும், டிபிஎம் 2.0-ங்கற பாதுகாப்புச் சிப்பும் வேணும்னு கேக்குது.

பெங்களூர்ல வேலை பாக்கற தம்பி மகன், "ஆப்பிள் மேக் வாங்கிடுங்க அத்தை, பத்து வருஷத்துக்குக் கவலையில்ல"ன்னான். மெக்கானிக் தம்பி புதுசா வாங்கச் சொன்னார். கடையில வேலை செய்யற காலேஜ் பொண்ணு விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டா காசே ஆகாதுன்னுச்சு. அவ பேச்சைக் கேட்டு அக்டோபர் கடைசியில முன்மேசை கம்ப்யூட்டர்ல விண்டோஸை முழுசா அழிச்சிட்டு மின்ட்ங்கற லினக்ஸ் வகையைப் போட்டேன். பத்து நாள் சந்தோஷமா இருந்தேன். பட்டனை அழுத்தி டம்ளர் தண்ணி குடிக்கறதுக்குள்ள திறந்துக்குது. பிடிஎஃப் வந்தா அடுத்த நிமிஷம் பிரின்ட்.

நவம்பர்ல அகரத்துல இருந்து ஒரு பெரியவர் வந்தார். தபால்ல ரிட்டயர் ஆனவர், பென்ஷனுக்கு உயிர்ச்சான்று எடுக்கணும். நான் சொல்றதுக்கு முன்னாடியே கட்டைவிரலை வேட்டி ஓரத்துல துடைச்சு நீட்டிட்டார். கைரேகைக் கருவியில லைட்டே எரியல. வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகறேன், ஒண்ணும் நடக்கல. அப்புறம்தான் தெரிஞ்சது, என்கிட்ட இருக்கிற கருவிக்கு விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் மட்டும்தான் மென்பொருள் உண்டுன்னு. அவர் ஒரு வார்த்தை சொல்லல. பென்ஷன் புத்தகத்தை மஞ்சப்பையில வச்சுக்கிட்டு மெதுவா இறங்கிப் போனார். பஸ் ஏறி வந்தவர். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல.

நான் பண்ணின தப்பை நீங்க பண்ண வேண்டாம்னுதான் எழுதறேன். மாறினவங்க, மாறித் திரும்பி வந்தவங்க எல்லாரும் சொல்லுங்க.

தர்மபுரி, கல்யாண வீடியோ எடிட்டிங்

அக்கா, நான் மேக் பக்கம் போனவன். 2021-ல ஆப்பிளோட எம்1 சிப் வச்ச மேக்புக் ஏர் லேப்டாப் வாங்கினேன். அந்த மிஷினைப் பத்திக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அதுக்குள்ள ஃபேனே கிடையாது. நல்லம்பள்ளியில ஒரு ரிசப்ஷன்ல மண்டபத்துலேயே உக்காந்து ஹைலைட்ஸ் வெட்டினேன், நடுவுல கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் போடறதுக்குள்ள ஜனமெல்லாம் கூச்சல், நான் பாட்டுக்கு வேலை பாத்துட்டிருந்தேன். டெஸ்க்டாப்பா இருந்தா யூபிஎஸ் கத்தற கத்துல சேவ் பண்ணிட்டு அமத்தணும்.

வாங்கின அன்னைக்கு யோசிக்காம விட்டது ரெண்டு. எங்க தொழில்ல பாதிப் பேர் எடியஸ்ங்கற எடிட்டிங் மென்பொருள்லதான் வெட்டறோம். அது விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும். எட்டு வருஷப் பழைய பிராஜெக்ட் எதையும் மேக்ல திறக்க முடியல. பழைய மேக்ல பூட்கேம்ப்னு ஒண்ணு வச்சு விண்டோஸையும் சேத்துப் போட்டுக்கலாம், எம்1-ல இருந்து அதுவும் இல்ல. கடைசியில டாவின்சி ரிசால்வ்னு வேற எடிட்டிங் மென்பொருள் கத்துக்கிட்டேன். அது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடுது. கை பழகறதுக்கு ஒரு தை மாச முகூர்த்தம் முழுக்க ஆச்சு.

இன்னொண்ணு ஹார்ட் டிஸ்க். கஸ்டமர் கொண்டாற்ற டிஸ்க் எல்லாம் என்டிஎஃப்எஸ், அதாவது விண்டோஸ் ஃபார்மேட். மேக் அதைப் படிக்கும், எழுதாது. ராத்திரி பதினோரு மணிக்கு, காலையில துபாய்க்குக் கிளம்பற மாப்பிள்ளை டிஸ்க்கைக் கையில குடுத்துட்டு நிக்கிறார், வீடியோ ஏற மாட்டேங்குது. அன்னையில இருந்து விண்டோஸ், மேக் ரெண்டுலயும் எழுதற எக்ஸ்ஃபேட்ல ஃபார்மேட் பண்ணின டிஸ்க் ரெண்டு எப்பவும் பையில வச்சிருக்கேன்.

ரேம் விஷயத்தையும் சொல்லிடறேன். என்னுது 8 ஜிபி. அதைப் பின்னால கூட்டவே முடியாது, சிப்போட சேந்தே வருது. இப்ப வாங்கறவங்களுக்கு அந்தக் கஷ்டம் கம்மி. 2024 கடைசியில வந்த எம்4 மேக் மினியில ஆரம்ப மாடலே 16 ஜிபி, அறிமுக விலை 59,900. எடிட்டிங்குக்கு நான் அதைத்தான் சொல்வேன். உங்க கடைக்கு வேண்டாம்க்கா. உங்க கைரேகைக் கருவிக்கு அங்கயும் இதே கதைதான்.

கிருஷ்ணகிரி, மாங்கூழ் ஃபாக்டரி கணக்கு

எங்களுக்கு யோசிக்கவே இடமில்லைங்க. கணக்கு எழுதற டேலி பிரைம் விண்டோஸ்லதான் இன்ஸ்டால் ஆகும். ஆபீஸுக்கு மூணு புது மிஷின் விண்டோஸ் 11-ஓட வாங்கிட்டோம், முடிஞ்சது.

தலைவலி எடைமேடைதான். அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் விண்டோஸ் 7. பின்னாடி சீரியல் போர்ட்ல எடைக்கருவியோட வயர். எடைச்சீட்டு போடற புரோகிராமை எழுதினவர் இப்ப எங்க இருக்கார்னே யாருக்கும் தெரியாது. ஜூன் மாசம் பெங்களூரா மாங்காய் லோடு லாரி கேட்டுக்கு வெளிய வரிசையா நிக்கறப்ப அதுல கை வைக்க எவனுக்கும் தைரியம் வராது. அதனால அதோட நெட் வயரைப் பிடுங்கி எறிஞ்சுட்டோம். வெளிப் பென்டிரைவ் கிட்டயே போகக்கூடாது. எடையைச் சீட்டுல பிரின்ட் எடுத்து ஆபீஸ்ல ஒருத்தர் டேலியில ஏத்தறார். சீசன் முடிஞ்சதும் புதுசா எழுதி வாங்கணும்னு முதலாளிகிட்ட சொல்லியிருக்கேன்.

அரூர், கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கறேன்

லினக்ஸைப் பத்தி இவ்வளவு பேசிட்டு நான் சும்மா இருந்தா எப்படி? 2012-ல பிளஸ் டூ முடிச்சப்ப அரசு குடுத்த லேப்டாப்தான் எங்க வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர். அதுல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்துச்சு, மத்திய அரசோட கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனம் சி-டாக் சென்னையில பண்ணினது. கூட வாங்கின பசங்க நிறைய பேர் அந்தப் பக்கமே போகல. நான் ஒரு மழை நாள்ல சும்மா திறந்து பாத்தேன், அங்கதான் என் பொழைப்பே ஆரம்பிச்சது.

அந்த லேப்டாப் இன்னும் உயிரோட இருக்கு. ரேமை 4 ஜிபி ஆக்கி, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டு, மின்ட்ல பழைய மிஷினுக்கு ஏத்த எக்ஸ்எஃப்சிஇங்கற லேசான வகையை ஏத்தினேன். இப்ப என் அக்கா பொண்ணு அதுலதான் பைத்தான் எழுதறா. பதினொண்ணாம் வகுப்புப் புத்தகத்துலேயே விண்டோஸோட உபுண்டுங்கற லினக்ஸும் பாடமா இருக்கு. ரெண்டையும் தொட்டுப் பாத்த பிள்ளைக்கு எதைக் கண்டாலும் பயம் வராதுங்கறதை வகுப்புல தினமும் பாக்கறேன். தமிழ்99 விசைப்பலகையும் ஐபஸ்ங்கற லினக்ஸ் டைப்பிங் மென்பொருள்ல சேத்துக்கலாம், டைப் பண்றதுல ஒரு குறையும் இல்ல.

காவேரிப்பட்டணம் அக்காவுக்கு ஒரே ஒரு வார்த்தை. எதையும் அழிக்கறதுக்கு முன்னாடி லினக்ஸைப் பென்டிரைவ்ல இருந்தே ஓட்டிப் பாக்கலாம். கம்ப்யூட்டர்ல இருக்கிறது எதுவும் மாறாது. வைஃபை, சவுண்டு, பிரின்டர், ஸ்கேனர், கைரேகை எல்லாத்தையும் ஒவ்வொண்ணா சொருகிப் பாருங்க. ஒரு நாள் போதும். அந்தப் பொண்ணு இதை முதல்ல சொல்லியிருக்கணும்.

ஓசூர், கம்பெனி வேலை

செகண்ட் ஹேண்ட் தேடறவங்களுக்காக எழுதறேன். பெங்களூர் எஸ்.பி. ரோட்ல ஐடி கம்பெனிங்க கழிச்ச லேப்டாப் நிறைய கிடைக்கும். எட்டாம் தலைமுறை திங்க்பேட் லேப்டாப் ஒண்ணு வாங்கினேன், விண்டோஸ் 11 தகராறு பண்ணாம ஏறுச்சு. கீபோர்டு, பேட்டரி எல்லாம் கழட்டி மாத்தறது சுலபம், பாகமும் கிடைக்குது.

அந்தத் தைரியத்துல தங்கச்சிக்கு ஒரு பழைய மேக்புக் வாங்கினேன். கடையில பாத்தப்ப எல்லாம் சரி. வீட்டுக்கு வந்து அழிச்சிட்டுப் புதுசா ஏத்தி, நெட்ல இணைச்சதும் ஏதோ ஒரு கம்பெனிப் பெயரோட திரை வந்து லாகின் கேக்குது. அந்தக் கம்பெனி தன் பட்டியல்ல இருந்து எடுத்தாத்தான் பூட்டு போகும். கடைக்காரர் நாலு தடவை அலையவிட்டுப் பாதிப் பணம்தான் குடுத்தார். இனிமே எவன்கிட்ட வாங்கினாலும், அவன் முன்னாடியே முழுசா அழிச்சு, மொபைல் நெட்ல இணைச்சு, முகப்புத் திரை வர்ற வரைக்கும் பாத்துட்டுத்தான் பணம் குடுப்பேன்.

காவேரிப்பட்டணம், ஜெராக்ஸ் டிடிபி கடை

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஓசூர் தம்பி சொன்ன மாதிரியே எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப் ஒண்ணு பழசா வாங்கி விண்டோஸ் 11 போட்டாச்சு. கைரேகை, ஸ்கேனர், பழைய லேசர் பிரின்டர் எல்லாம் அதுல. மின்ட் போட்ட ஐ5-ஐ எடுக்கவே இல்ல, பிடிஎஃப் பிரின்டுக்கும் ஆன்லைன் விண்ணப்பத்துக்கும் அது ஓடுது. பொண்ணு அதுகிட்டதான் உக்காரறா. ஐ3-ல நெட்டைப் பிடுங்கிட்டேன், மாங்கூழ் ஃபாக்டரிக்காரர் வழிதான்.

அந்தப் பெரியவருக்குப் பக்கத்துக் கடையில வேலை முடிஞ்சிருச்சாம். ஆனாலும் போன வாரம் ஒரு ஜெராக்ஸ் எடுக்க என்கிட்ட வந்தார். கருவியைச் சொருகி லைட் எரியறதைக் காட்டினேன். "அடுத்த நவம்பர்க்கு இங்கேயே வரேன்மா"ன்னார்.

இன்னொரு உதவி. ஐ3-ல பாமினிங்கற பழைய தமிழ் எழுத்துருவுல அடிச்ச பத்திரிகை மேட்டர் ஏராளமா கிடக்கு. அதையெல்லாம் எந்தக் கம்ப்யூட்டர்லயும் படிக்கற யூனிகோடுக்கு மொத்தமா மாத்தினவங்க பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கம் யாராவது இருந்தா எழுதுங்க. "ஸ்ரீ" வர்ற இடமும் கொம்பு வர்ற இடமும் எனக்கு உடைஞ்சு உடைஞ்சு வருது.