மீனில் ஹிஸ்டமின் பரிசோதனை: தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. கடற்கரையிலிருந்து ஹட்டன், நுவரெலியா சந்தைகளுக்கு லொறியில் வரும் கெலவல்லா, பலயா (சூரை வகை) மீன்களில், ஒவ்வாமை போன்ற நச்சு விளைவைத் தரும் ஹிஸ்டமின் எவ்வளவு என்று பார்ப்பதுதான் என் இறுதியாண்டு ஆய்வு. ஐஸ் குறைந்தால் பக்டீரியா மீன் தசையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அப்புறம் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. தோட்ட லயத்துப் பிள்ளைகளும் சாப்பிடும் மீன், அளவு பிழைக்கக் கூடாது.

அரைத்த தசையை 5% டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தில் பிரித்தெடுத்து, ஹிஸ்டமினோடு இணைந்து அதைப் புறஊதா ஒளியில் தெரிய வைக்கும் டான்சில் குளோரைட் சேர்த்து, எச்பிஎல்சியில் (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) 254 நானோமீட்டர் ஒளியில் பார்க்கிறேன். கருவி தரும் வரைபடத்தில் (குரோமட்டோகிராம்) ஹிஸ்டமின் உச்சம் பக்கத்து உச்சத்தோடு ஒட்டிக்கொண்டே வருகிறது.

மிஞ்சிய டான்சில் குளோரைடை நீக்க அமோனியா நல்லதா, புரோலினா? சி-18 கொலத்தில் (கருவியில் பொருட்களைப் பிரிக்கும் குழாய்) அசிட்டோநைட்ரைல் கரைப்பானின் விகிதத்தை எப்படி ஏற்றினீர்கள்? செய்து பார்த்த அண்ணாமார், அக்காமார் குரோமட்டோகிராம் படத்தோடு சொன்னால் பெரிய உதவி.