புதுப்பிப்பு: எம்.டி. பேசிவிட்டார், பதில் மட்டும் வரவில்லை

முந்தைய பதிவின் சுருக்கம்: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டு பையர்களோடு ஆர்டர் பேசி முடிப்பவனாக, இருக்கிறேன். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டதும் பையர்கள் ஆர்டரை நிறுத்தினார்கள். எங்கள் மேலிடம் வாயே திறக்கவில்லை.

இந்த வாரம் எம்.டி. எல்லாரையும் கூப்பிட்டார். "பொறுமையா இருங்க, பார்த்துக்கலாம்." அவ்வளவுதான். பையர் கேட்கும் தள்ளுபடியில் எவ்வளவு வரை இறங்கலாம் என்று கேட்டேன். "பேசிட்டே இருங்க" என்றார். எதை வைத்துப் பேசுவது? வெட்டிய துணி கட்டுக் கட்டாகக் கட்டிங் டேபிளிலேயே கிடக்கிறது. பிரிட்டனோடு ஜூலையிலேயே வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, அங்கே சாம்பிள் அனுப்பலாமே என்றால், "அப்புறம் பார்ப்போம்."

வரி அவர் கையில் இல்லை, சரி. அடுத்த வாரம் ஷிப்ட் உண்டா என்று சொல்வது அவர் கையில்தானே இருக்கிறது? பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம்தான் வீட்டு வாடகை. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண், "அண்ணா, ஊருக்கு டிக்கெட் போடட்டுமா?" என்று என்னிடம் கேட்கிறார். இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அறைக்குள் இருக்கிறார். எனக்கு ஆத்திரமே அதுதான்.

நானும் பேட்டர்ன் மாஸ்டரும் பிரிட்டன் பையர்களுக்கான காஸ்டிங்கை (விலைக் கணக்கை) நாங்களே போட்டுவிட்டோம். திங்கட்கிழமை அவர் மேஜையில் வைக்கிறோம்.