மண்ணுக்கடியில் கிடைத்த கிழங்கு: சூசு ரிமாவ்தானா?

மலேசியாவின் தாப்பா, செம்பனைத் தோட்டத்துக்காரி:
காலைச் சந்தையில் ஒரு பெரியவர் பழுப்பு நிறக் கிழங்கு நாலைந்து வைத்திருந்தார். சூசு ரிமாவ் என்ற புலிப்பால் காளானின் கிழங்கு, இளைப்புக்கு நல்லது என்றார். மாமியாருக்காக வாங்கினேன். எங்கள் லயத்துத் தாத்தாவோ, "மேல வர்ற காளான் குடை இல்லாம எப்படிம்மா சொல்றது?" என்கிறார். உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்ததா?

தாப்பா, இப்போது ஆய்வுக்கூடத்தில் வேலை:
நேர்ந்தது அக்கா. தாத்தா சொன்னதுதான் சரி. குடை இருந்தால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சூசு ரிமாவ், அதாவது லிக்னோசஸ் ரைனோசெரஸ் என்றால் பொடிப்பொடித் துளைகள் இருக்கும். புளூரோட்டஸ் டியூபர்-ரீஜியம் என்ற காளானும் இதேபோல் வெளியே பழுப்பு, உள்ளே வெள்ளையாகக் கிழங்கு விடும். ஆனால் அதன் குடைக்கடியில் புத்தகத்தாள் மாதிரி அடுக்கடுக்காக மடிப்பு.

துளையைப் பார்த்ததோடும் முடியாது. 2013-இல் பகாங் காட்டிலிருந்து லிக்னோசஸ் டைக்ரிஸ், லிக்னோசஸ் கேமரோனென்சிஸ் என்று இரண்டு புதிய இனங்களை விவரித்தார்கள். துளையின் அளவிலும், காளான் பரவ உதவும் நுண்ணிய வித்தின் அளவிலும்தான் வித்தியாசம்.

அப்பா பால்மரக்காட்டு (ரப்பர் தோட்டத்து) ஓரத்தில் தோண்டியெடுத்தது வெறும் கிழங்கு. தோலில் வேறு பூஞ்சை ஒட்டியிருக்கும் என்பதால் அதைச் சீவிவிட்டு, நடுச்சதையில் அரிசியளவு சுரண்டினோம். டிஎன்ஏ பிரித்து, ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியை மட்டும் பிசிஆர் என்ற நகலெடுக்கும் முறையில் பெருக்கி, அதன் எழுத்து வரிசையைத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டோம். பூஞ்சைகளை அடையாளம் காண 2012-இல் பொதுவாக முன்வைக்கப்பட்ட பகுதி அது. ரைனோசெரஸ் என்றே வந்தது. அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம்! பொடியாக்கி விற்பது எந்தக் காளான் என்று கண்டுபிடிக்க இந்தச் சோதனை பெரிதும் உதவும். அப்புறம் அக்கா, எந்தக் கிழங்காக இருந்தாலும் மாமியாரின் இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள்.

தாப்பாவில் பிறந்தவன், கோலாலம்பூரில் சமையல்காரன்:
ட்ரஃபிள் என்று மண்ணுக்கடியில் விளையும் சமையல் பூஞ்சையிலும் இதே பாடுதான். ஐரோப்பியக் கறுப்பு ட்ரஃபிள் டியூபர் மெலனோஸ்போரம். சீனத்தில் விளைவது டியூபர் இண்டிகம். இரண்டுக்கும் சொரசொரக் கறுப்புத் தோல், நறுக்கினால் கருஞ்சதையில் வெள்ளை நரம்பு. இண்டிகத்தில் அந்த மணம் எடுக்காது, ஆனால் மூக்கை நம்பி விலை கொடுக்க முடியுமா? கோடை ட்ரஃபிள் என்றால் நுண்ணோக்கி போதும், வித்தின் மேல் வலைப்பின்னல் தெரியும். மற்ற இரண்டின் வித்திலும் முள் இருப்பதால் பழகிய கண்ணே தடுமாறும். அங்கே மரபணுச் சோதனைதான் முடிவு சொல்லும்.

பால்மரத்தடியில் ட்ரஃபிள் கிடைக்குமா என்று தம்பிமார் கேட்கிறார்கள். கிடைக்காது. ஓக், ஹேசல் போன்ற மரங்களின் வேரோடு கூட்டுச் சேர்ந்துதான் அது வளரும். பால்மர வேர் கூட்டுச் சேர்வது வேறு வகைப் பூஞ்சையோடு.