ரெக்விசிஷனுக்குத் தமிழ் என்ன?

வணக்கம். கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம், சித்தூர் தாலுகா கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு வினாத்தாள் போயாக வேண்டும். இங்கிலாந்தின் டைன்ஹாம் கிராமத்தை 1943 டிசம்பரில் படைப்பயிற்சிக்காக அரசு எடுத்துக்கொண்டது. 225 பேர் வெளியேறினார்கள். அப்போது உடைமை மாறவில்லை, அனுபவிக்கும் உரிமை மட்டும் படைக்குப் போனது. 1948-இல்தான் அரசு கட்டாய விலைக்கு வாங்கியது. வாங்கியதற்குக் 'கையகப்படுத்தல்' இருக்கிறது. முன்னதற்கு?

*

அம்மா, சித்தூர் தாலுகா என்றதும் எங்கள் ஆந்திரச் சித்தூர் என்று நினைத்துவிட்டேன்! நான் நகரிக்காரன். 'ஒற்றி' இருக்கிறதே. நிலம் அடுத்தவர் கையில், உரிமை நம்மிடம். படைக்கு என்றால் 'படையொற்றி'. ஒற்றுதல் என்றால் பொருந்துதல்; ஒற்றன், ஒற்றடம், மெய்யெழுத்தான ஒற்று எல்லாம் ஒரே வேர்தான். திருவொற்றியூரையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்...

*

ஐயா, ஒற்றடம் இருக்கட்டும். நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒற்றியில் நிலத்துக்காரன் பணம் வாங்குகிறான், திருப்பிக் கட்டி மீட்கிறான். இங்கே யார் கடன் கேட்டார்கள்? போர்க்கால இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 75-ஏ இதற்கென்றே இருந்தது. 1952-இல் வந்த சட்டத்தின் பெயரிலேயே ரெக்விசிஷனிங், அக்விசிஷன் (கையகப்படுத்தல்) என்று இரண்டு சொல்லும் அடுத்தடுத்து நிற்கும். அதனால் இரண்டையும் குழப்பக் கூடாது. 'தற்காலிகக் கையகப்படுத்தல்' போதும்.

*

அண்ணா, அது வினாத்தாளில் ஒரு வரியை விழுங்கிவிடும். மலையாளப் பிரிவில் 'ஏற்றெடுக்கல்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். போன தேர்தலுக்கு எதிர்வீட்டு ஜீப்பைக் கொண்டுபோனபோது, "எலக்ஷனுக்கு வண்டி பிடிச்சுட்டாங்க டீச்சர்" என்றுதான் பையன் சொன்னான். நாலு நாளில் சேறோடு திரும்பி வந்தது, வாடகையும் வந்தது. அதுதானே ரெக்விசிஷன்? 'நிலம் பிடித்தல்' என்று வைக்கலாமா?

*

பிடித்தல் கொச்சை. தொல்காப்பியர், படையெடுப்பைப் பாடும் வஞ்சித் திணையில், பகைவர் நாட்டில் தீ பரவுவதை 'எரிபரந்து எடுத்தல்' என்கிறார். எடுத்தல் என்ற சொல்லே அங்கே இருக்கிறது.

*

எரிப்பதும் எடுப்பதும் ஒன்றா, ஐயா? டைன்ஹாம்காரர்கள் ஒருநாள் திரும்புவோம், வீடுகளைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று தேவாலயக் கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போனவர்கள்.

*

சரி, நீளமானாலும் வருவாய்த் துறை அண்ணா சொன்ன 'தற்காலிகக் கையகப்படுத்தல்' இருக்கட்டும். அதையே போட்டு, பக்கத்தில் 'ரெக்விசிஷன்' என்றும் எழுதிவிட்டேன். தாள் அச்சுக்குப் போய்விட்டது. எல்லாருக்கும் நன்றி.

*

போகட்டும். ஆனால் படையொற்றியில் யகர உடம்படுமெய் சரிதான் என்பதையாவது பதிவு செய்கிறேன். இ ஈ ஐ வழி யவ்வும். திருவொற்றியூர் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.