ஜாவா திரெட்: பிழையே வராத கவுண்டரை வைத்து எப்படிப் படிப்பிப்பது?

வாவிக்கரை:
மட்டக்களப்பில் இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கு எடுக்கிறேன். இரண்டு திரெட் (ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலைகள்), ஒரே கவுண்டர் (எண்ணிக்கை வைக்கும் மாறி), ஒவ்வொரு திரெட்டும் அதில் ஆயிரம் தடவை ஒன்று கூட்ட வேண்டும். இரண்டும் மோதி 2000க்குக் குறையும் என்று சொல்லிவிட்டு ஓட்டினால் ஐந்து தரமும் 2000 வந்து நிற்கிறது. "சேர், சரியாத்தானே வருது, பிறகு எதுக்கு லொக்?" என்று ஒரு பிள்ளை கேட்டது (லொக் என்றால் ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு). அதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த பாடத்துக்குப் போக மனமில்லை.

கல்முனையான்:
ஆயிரம் போதாது அண்ணா. இரண்டாவது திரெட் எழும்ப முதலே முதலாவது பெரும்பாலும் வேலையை முடித்துவிடும், பிறகு எங்கே மோதுவது? பத்து லட்சமாக்குங்கள், ஓட்ட ஓட்ட வேறு வேறு இலக்கம் வரும். லூப்புக்குள் பிரிண்ட் போட விடாதீர்கள். ஜாவாவின் பிரிண்ட்எல்என் (println) தனக்குள்ளேயே லொக் எடுப்பதால் பிழை ஒளித்துக்கொள்ளும். யாராவது கவுண்டருக்கு முன்னால் வொலடைல் (volatile) என்ற சொல்லைப் போட்டால் சரி என்பார்கள், அதுவும் சரிவராது: புதுப் பெறுமதி மற்றத் திரெட்டுக்குத் தெரியும், ஆனால் வாசி, கூட்டு, எழுது என்ற மூன்றும் ஒன்றாகிவிடாது.

ஏறாவூர் அக்கா:
தம்பி, முதலில் கணினியை மூடி வையுங்கள். பலகையில் 5 என்று எழுதி, இரண்டு பிள்ளைகளிடம் துண்டுக் கடதாசி கொடுங்கள். இருவரும் 5ஐப் பார்த்துத் தங்கள் கடதாசியில் 6 என்று எழுதட்டும், பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்து பலகையில் எழுதட்டும். இரண்டு பேர் கூட்டியும் 6தான்! அப்புறம் வெண்கட்டிதான் லொக், அது கையில் இருப்பவர் மட்டும்தான் பலகையைப் பார்க்கவே வேண்டும். எழுதும் இடத்துக்கு மட்டும் லொக் போடுவதுதான் பிள்ளைகள் அதிகம் விடும் பிழை, இதில் அது கண்ணுக்கே தெரியும்.

வாவிக்கரை:
அருமை அக்கா, நாளைக்கே செய்கிறேன். லொக்குக்குப் பழைய கல்லடிப் பாலத்தைச் சொல்லலாமா? ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தானே போனது.

ஏறாவூர் அக்கா:
கவனம். பாலத்தில் ஒரே பக்கத்திலிருந்து பத்து வாகனம் சேர்ந்து போகலாம், லொக் என்றால் ஒன்றுதான் போகலாம். ஒரு பக்கம் வந்துகொண்டே இருந்தால் மற்றப் பக்கம் காத்தே கிடக்கும் என்ற பாடத்துக்கு அதை வையுங்கள். புதுப் பாலம் திறந்தது 2013இல், அப்போது இவர்கள் சின்னப் பிள்ளைகள். எவ்வளவு நேரம் காத்து நின்றோம் என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள்.