மார்கழி, தை லீவுல கொங்குப் பக்கம்: ஓவியக் கண்காட்சி, விழா எல்லாம் எதை எப்போப் பாக்கறது?

கேள்வி: அவிநாசிரோடு

டிசம்பர் 24-ல இருந்து ஜனவரி 18 வரைக்கும் திருப்பூர்ல தங்கறோம்ங்க. கூட 70 வயசு அம்மா, படம் வரையப் பழகற 12 வயசுப் பொண்ணு. அம்மாவால மலையேற முடியாது, ரொம்ப நேரம் நிக்கவும் முடியாது. ஓவியக் கண்காட்சி, இந்த சீசன்ல மட்டும் நடக்கற விழா, ரெண்டும் வேணும். ஈரோடு புத்தகத் திருவிழா, அந்தியூர் மாட்டுச் சந்தையையும் சேத்துக்கலாம்னு இருக்கோம். வண்டி இருக்குதுங்க. எதை எந்த நேரத்துல பாத்தா உருப்படியாப் பாக்க முடியும்?

பதில் 1: நொய்யல்கரை

முதல்ல அந்த ரெண்டையும் அடிச்சுருங்க. ஈரோடு புத்தகத் திருவிழா ஆகஸ்ட்ல. அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை ஆடி மாசம். கண்ணபுரம் சந்தைன்னு யாராச்சும் சொன்னா அது சித்திரை. திருப்பூர் புத்தகத் திருவிழா ஜனவரிக் கடைசியை ஒட்டித்தான் வரும், நீங்க அதுக்குள்ள கிளம்பிருவீங்க.

நாள் குறிக்கறப்ப ஒண்ணு கவனிங்க. பொங்கல் சூரியக் கணக்கு, அதனால ஜனவரி 14 இல்லைன்னா 15-னு நிக்கும். ஆருத்ரா தரிசனம் மார்கழித் திருவாதிரை, நாமக்கல் அனுமன் ஜெயந்தி மார்கழி அமாவாசையை ஒட்டி. இது ரெண்டும் வருசத்துக்கு வருசம் ரெண்டு வாரம் கூட நகரும். போன வருசத் தேதியைப் பாத்துட்டுக் கிளம்பாதீங்க, காலண்டரைக் கிழிச்சுப் பாத்துக்குங்க.

பொண்ணு வரையறான்னா கோவைக்குப் பக்கத்துல இருக்கற பேரூர் பட்டீசுவரர் கோயிலுக்கு ஒரு முழுக் காலை ஒதுக்குங்க. சமதரை, அம்மாவுக்குச் சிரமம் இல்லை. 17-ஆம் நூற்றாண்டுல அழகாத்ரி நாயக்கர் கட்டின கனகசபை மண்டபம்தான் அங்க விசேசம். ஊர்த்துவ தாண்டவர், யானையுரி போர்த்தவர், வீரபத்திரர், பிச்சாடனர்னு தூணுக்கு ஒரு ஆள் உசரச் சிலை. யானையுரி போர்த்தவரை நேரா நின்னு பாத்தா பாதிதான் தெரியும். பக்கவாட்டுல ரெண்டு எட்டு நகர்ந்து பாருங்க, முதுகுக்குப் பின்னால விரிச்ச தோல் எப்படி வளைஞ்சு வருதுன்னு அப்பத்தான் புரியும். அண்ணாந்து பாத்தா விதானத்துல கல்லுச் சங்கிலி தொங்கும். வளையத்துக்குள்ள வளையம், ஒட்டுப்போட்டது இல்லை, கல்லுலயே குடைஞ்சு எடுத்தது.

ஆருத்ரா அன்னிக்கு மட்டும் போகாதீங்க. விடியக்காலைல இருந்தே கூட்டம் நிக்கும், தூணை எங்க பாக்கறது? வேற நாள்ல காலை 8 மணிக்குப் போய்ட்டு மதியம் நடை சாத்தறதுக்குள்ள வெளிய வந்தாப் போதும். பென்சிலும் நோட்டும் போதுங்க. போட்டோ எடுக்கறதா இருந்தா உள்ள கேட்டுட்டு எடுங்க.

பதில் 2: தூரிகை

கோவையில் ஓவியம் பார்க்க முதல் இடம் அவிநாசி ரோட்டில் உள்ள கஸ்தூரி சீனிவாசன் கலை மையம். ஓவியக் கூடத்தோடு ஜவுளி அருங்காட்சியகமும் அங்கேயே இருக்கிறது. பஞ்சிலிருந்து துணி வரை பார்க்கலாம் என்பதால் திருப்பூரில் தங்குகிறவர்களுக்குக் கூடுதல் ருசி. கண்காட்சிகள் சில நாள்களுக்கு ஒருமுறை மாறும். ஒன்று முடிந்து அடுத்தது மாட்டுகிற நாளில் போனால் வெறும் சுவர்தான், ஒரு போன் போட்டுவிட்டுப் போங்கள்.

‘கோயம்புத்தூர் விழா’ என்கிற நகரத் திருவிழாவை ஒட்டி ரேஸ்கோர்ஸ் பக்கம் தெருவோர ஓவியச் சந்தை போடுவார்கள். முன்பு ஜனவரியில் வந்துகொண்டிருந்த விழா, அண்மையில் நவம்பருக்கு நகர்ந்திருக்கிறது. அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்க்காமல் நம்பிவிட வேண்டாம்.

குழந்தைக்குக் காஸ் வன அருங்காட்சியகமும் (1902-இல் தொடங்கியது, ஆர்.எஸ்.புரம் வனக் கல்லூரி வளாகம்), ஜி.டி. கார் மியூசியமும் பிடிக்கும். கார் மியூசியத்துக்குத் திங்கள் விடுமுறை. காஸ் மியூசியம் அரசு இடம், அரசு விடுமுறை நாளில் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வராதீர்கள். கிறிஸ்துமஸ், பொங்கல் வாரத்தில் இந்தத் தவறுதான் அதிகம் நடக்கும்.

அவிநாசிரோடு:
நன்றிங்க. பொண்ணு சின்னதா ஒரு படம் வாங்கோணும்ங்கறா. கையில வரைஞ்சதா, பிரிண்டான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

தூரிகை:
படத்தைக் கண்ணுக்கு நேரே பிடிக்காமல் சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பாருங்கள். அக்ரிலிக், ஆயில் என்றால் தூரிகைத் தடம் மேடுபள்ளமாக நிழல் போடும். அச்சு என்றால் மேற்பரப்பு முழுக்க ஒரே பளபளப்பு. சில பேர் கேன்வாஸ் பிரிண்ட் மேல் ஜெல்லைத் தடவித் தடம் வரவழைத்துவிடுவார்கள். தடம் ஒரு பக்கம் போக, வண்ணத்தின் ஓரம் வேறு பக்கம் போகிறதா என்று பாருங்கள், அங்கே குட்டு உடைந்துவிடும். வாட்டர்கலரில் காகிதம் எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) என்று கேளுங்கள். 300 என்றால் அவ்வளவாக நெளியாது, 200-க்குக் கீழே போனால் ஈரத்தில் அலை அலையாக எழும்பியிருக்கும்.

கேன்வாஸைச் சுருட்டித்தான் கொண்டுபோக வேண்டும் என்றால் வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி, அகலமான குழாயில் சுருட்டச் சொல்லுங்கள். உள்பக்கமாக இறுக்கிச் சுருட்டினால் பெயிண்ட் மடிந்து வெடிக்கும். பிரேம் போடும்போது வாட்டர்கலருக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் போர்டு (இடைவெளி விடுகிற தடித்த அட்டை) கட்டாயம். கண்ணாடி ஒட்டிக்கிடந்தால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். கையில் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள், கூட்டத்தில் நெட்வொர்க் படுத்தால் ஜிபே வேலை செய்யாது.

பதில் 3: உடுமலையான்

கண்காட்சின்னா ஹால்ல மாட்டினதுதான்னு இல்லீங்க. மாட்டுப் பொங்கலுக்குச் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்கு வாங்க. உடுமலைக்கு வடக்கே, பெதப்பம்பட்டிப் பக்கம். சுத்துப்பட்டு விவசாயிங்க கறந்த பாலைக் கொண்டாந்து அபிசேகத்துக்கு ஊத்துவாங்க. மாடு கன்னு நோவு நொடி இல்லாம இருக்கோணும்னு மண் உருவாரம் வாங்கி வெப்பாங்க.

அந்த உருவாரத்தைத்தான் உங்க பொண்ணு பாக்கோணும். மாடு, கன்னுக்குட்டி, ஆளு உருவம்னு சுட்ட மண்ணுல செஞ்சு, வெள்ளை அடிச்சு, மேல கலர் தீட்டினது. கடையில ஒண்ணைக் கையில எடுத்துத் திருப்பிப் பாருங்க, கண்ணும் கழுத்து மணியும் நாலே இழுப்புல போட்டிருக்கும். ஒருத்தர் கை மாதிரி இன்னொருத்தர் கை இருக்காது. வீட்டுக்குக் கொண்டுபோறதா இருந்தா கடையில தனியாக் கேட்டு வாங்குங்க. சாமிக்கு வெச்சதைத் தொடக் கூடாது. வண்டியில கொம்பும் காதும்தான் முதல்ல ஒடியும், அதைச் சுத்தி வைக்கோல் திணிச்சு நிக்க வெச்சுக் கொண்டுபோங்க, படுக்க வெக்காதீங்க.

மாட்டுப் பொங்கலன்னிக்குப் பொறந்த கன்னைச் சாமிக்கு விட்டுருவாங்க, அதுதான் சலகெருது. மார்கழி ராத்திரியில சுத்து ஊர்கள்ல உறுமி அடிச்சு அதைப் பழக்குவாங்க. நீளமான ரெண்டு மூங்கில் குச்சியை வெச்சுக்கிட்டு ஒருத்தர் முன்னால மறிச்சு ஆட, காளை தாளத்துக்கு எட்டு வெச்சுட்டு வரும். ஒதுங்கி நின்னு பாருங்க, பிளாஷ் அடிக்காதீங்க. வெளிச்சத்துல மிரண்டா காளைக்கு ஆளு யாருன்னு தெரியாது.

அம்மா வர்றதால விடியக்காலைல போய்ட்டு 9 மணிக்குள்ள திரும்பிருங்க. அதுக்கு மேல ரோட்டுல வண்டி நகராது. அடுத்த நாள் பூப்பொங்கல். பொண்ணுங்க ஆவாரம்பூப் பறிச்சுட்டுக் கும்மியடிச்சுட்டு ஆத்தங்கரைக்குப் போவாங்க. டிக்கெட்டும் இல்லை, மேடையும் இல்லை, கிராமத்துல சொந்தம் இருந்தா அவங்களைக் கேட்டுட்டுப் போங்க.

பதில் 4: ஆனைமலைக்காத்து

பொள்ளாச்சி பலூன் திருவிழாவை விட்டுட்டீங்களே. 2015-ல இருந்து பொங்கலை ஒட்டித்தான் நடக்குது. வெப்பக் காத்து பலூனுக்குச் சுத்திலும் குளிரா இருந்தாத்தான் நல்லாத் தூக்கும், காத்தும் பலமா அடிக்கக் கூடாது. வெயில் ஏறினா பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் காத்து கிளம்பிரும். அதனால பறக்கறது எல்லாம் விடியக்காலைல. 9 மணிக்குக் குடும்பத்தோட வந்து "எங்கீங்க பலூன்?"னு கேக்கறவங்க வருசா வருசம் உண்டு. சாயங்காலம் பலூனைக் கயித்துல கட்டி நிறுத்தி, நெருப்பு விட்டு மினுக்க விடுவாங்க, அம்மாவுக்கு அது தோது. காத்து பலமா இருந்தா ரெண்டும் ரத்து. ஒரே நாளை நம்பாம அடுத்த நாளையும் காலியா வெச்சுக்குங்க.

பொங்கல் வாரத்துல ரேக்ளா (மாட்டு வண்டிப் பந்தயம்) நோட்டீஸ் கண்ணுல பட்டா அதையும் பாருங்க. நம்ம பக்கம் வண்டிகளைச் சேத்து விரட்டறது இல்லை. ஒவ்வொண்ணா ஓட விட்டு நேரம் எடுப்பாங்க, இளங்காளைக்கு 200 மீட்டர், பெருசுக்கு 300. எல்லைக் கோட்டுக்கு அந்தாண்ட மட்டும் நிக்காதீங்க, கோட்டைத் தாண்டியும் காளை அதே வேகத்துல வரும்.

பதில் 5: கோட்டையடி

நொய்யல்கரை சொன்னதுக்கு ஒரு மாத்துக் கருத்து. தூணைப் பாக்கத்தானே ஆருத்ரா வேண்டாம்ங்கறீங்க? நடராசர் அலங்காரம் அன்னிக்குத்தானுங்க. ரெண்டு தடவை போறதுதான் சரி.

நாமக்கல்லுக்கு நாள் ஒத்து வந்தா: 18 அடி ஆஞ்சநேயர், மேல கூரை கிடையாது. அனுமன் ஜெயந்திக்கு 1,00,008 வடைமாலை சாத்துவாங்க. மாலையோட பாக்கோணும்னா விடியக்காலைலயே வரிசையில நில்லுங்க, பொழுது ஏறினா அபிசேகத்துக்காக வடையைக் கழட்டிருவாங்க. அம்மாவை அன்னிக்குக் கூட்டிட்டு வராதீங்க, வரிசை நீளம். வேற நாள் வந்தா அஞ்சு நிமிசத்துல நிம்மதியாக் கும்பிட்டுட்டுப் போலாம், அத்தனை வடை மட்டும் இருக்காது.