ரெண்டு பேருக்கும் முதுகு வலி. அவருக்கு எக்ஸ்ரே, எனக்கு இரும்புச்சத்து மாத்திரை

திருப்பூர் தையல்:

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சதுங்க. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

மூணு வருஷம் முன்னாடி நானும் வீட்டுக்காரரும் ஒரே நாள்ல, ஒரே ஆஸ்பத்திரிக்கு முதுகு வலின்னு போனோம். அவருக்கு டையிங் யூனிட்ல துணி ரோல் தூக்கி இடுப்புல புடிச்சுக்கிச்சு, பத்து நாளா வலி. எனக்கு ரெண்டாவது பொண்ணு பொறந்ததுல இருந்து, அப்பவே நாலு வருஷம் ஆச்சு. டோக்கன் அவருக்கு 41, எனக்கு 42. அவர் உள்ள போயிட்டு எக்ஸ்ரே சீட்டோட வந்தார். என்கிட்ட டாக்டர் கேட்டது மூணே கேள்வி. எத்தனை குழந்தை, சிசேரியனா, வீட்டு வேலையெல்லாம் யாரு பாக்கறது? மூணாவதுக்கு நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள சீட்டு எழுதியாச்சு. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், அஞ்சு நாளைக்கு வலி மாத்திரை. "குனிஞ்சு பாத்திரம் தேய்க்காதீங்கம்மா." வேற யாரு தேய்க்கறதுன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல.

அந்த டாக்டரை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லீங்க. ஆபரேஷனப்ப முதுகுல போட்ட ஊசிதான் காரணம்னு நானே நம்பிட்டிருந்தேன். எங்க லைன் வீட்டுல நாலு பேருக்கு சிசேரியன். சாயங்காலம் வாசல்ல உக்காந்தா நாலு பேரும் அந்த ஊசியைத்தான் திட்டுவோம்.

ஆனா எனக்கு எப்ப வலிக்குதுன்னு யாருமே கேக்கல. ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடும். புரண்டு படுக்க முடியாம கட்டில் விளிம்பைப் புடிச்சு எந்திரிச்சு ஹால்ல நடப்பேன், நடந்தா குறையும். காலைல ஒரு மணி நேரம் உடம்பு மரக்கட்டை. கம்பெனிக்குப் போய் ஓடியாடி வேலை பாத்தா பத்து மணிக்கு மேல பரவால்லைன்னு ஆயிடும். ஞாயித்துக்கிழமை படுத்துட்டா திங்கக்கிழமை நரகம். "லீவு போடறதுக்கு வலிக்குது"ன்னு மாமியார் சொல்லுவாங்க. வேலைக்குப் போனாத்தான் வலி குறையுதுன்னு சொன்னா யாரு நம்புவா?

இன்னொண்ணு. ரெண்டு தடவை ஒரு கண்ணு மட்டும் செவந்து, வெளிச்சமே பாக்க முடியாமப் போச்சு. மெட்ராஸ் ஐன்னு சொட்டு மருந்து குடுத்தாங்க. முதுகுக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?

போன வருஷம் எங்க நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதுசா ஒரு டாக்டரம்மா வந்தாங்க, சின்னப் பொண்ணு. சுகர் பாக்கப் போனவகிட்ட, உக்காந்து எந்திரிச்சதைப் பாத்துட்டு அவங்களாவே கேட்டாங்க. "அக்கா, வலி படுத்தாக் குறையுமா, நடந்தாக் குறையுமா?" அங்கயே அழுதுட்டேன். அப்புறம் கண்ணைப் பத்திக் கேட்டாங்க, குடும்பத்துல யாருக்காவது கூன் இருக்கான்னு கேட்டாங்க. எங்க தாய்மாமனுக்கு முப்பது வயசுலயே கூன். கோயம்புத்தூர் அனுப்பி ஸ்கேன், ரத்தம் எல்லாம் பாத்தாங்க. ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் வகைன்னு சொல்லிட்டாங்க. முதுகெலும்பு மூட்டுல அழற்சி வந்து இறுகற நோயாம், அந்தக் கண்ணு செவப்பும் இதோட சேர்ந்ததுதானாம்.

வீட்டுக்காரருக்கு மூணே வாரத்துல சரியாயிடுச்சுங்க. எக்ஸ்ரேல ஒண்ணுமே இல்ல.

ஒரே சீக்கை ஆம்பளைக்கு ஒரு மாதிரி, பொம்பளைக்கு ஒரு மாதிரி பாத்தது உங்க யாருக்காவது நடந்திருக்கா?

ஓபி டாக்டர்:

தருமபுரிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்துல மருத்துவ அதிகாரியா இருக்கேன். பெண். முதல்லயே சொல்லிடறேன், அந்த 42ஆம் டோக்கனுக்கு நானும் அதே சீட்டைத்தான் எழுதியிருப்பேன்.

அந்த நோய் பத்து ஆணுக்கு ஒரு பெண்ணுக்குத்தான் வரும்னு பழைய புத்தகங்கள்ல இருந்துச்சு. அப்புறம் அந்தக் கணக்கு மூணுக்கு ஒண்ணுன்னு இறங்குச்சு. எக்ஸ்ரேல மாற்றம் தெரியாத ஆரம்பக் கட்டத்துல ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய சமம்னு இப்ப தெரியுது. பெண்களுக்கு எக்ஸ்ரேல தெரிய நாளாகும், வலியும் முதுகோட நிக்காம கழுத்து, தோள்னு பரவும். அதனால நரம்புத் தளர்ச்சி, மனக்கவலைன்னு சீட்டுல ஏறிடும். 45 வயசுக்கு முன்னாடி மெல்ல ஆரம்பிச்சு, மூணு மாசத்துக்கு மேல நீடிச்சு, ஓய்வுல கூடி அசைவுல குறையற முதுகு வலின்னா ஆண் பெண் யாரா இருந்தாலும் சந்தேகப்படணும். சுளுக்கு நேர்மாறு, படுத்தா குறையும்.

முதுகு ஊசி பத்தி: போட்ட இடத்துல சில நாள் வலி இருக்கலாம். வருஷக்கணக்குல வலி வரதுக்கு அந்த ஊசி காரணம்னு ஆராய்ச்சிகள்ல நிரூபணம் ஆகல. கர்ப்பத்துல தளர்ந்த இடுப்பு, தூக்கமில்லாத ராத்திரி, இடுப்புல குழந்தை, இதெல்லாம்தான் பெரும்பாலும் காரணம். ஆனா "ஊசியால இல்லம்மா"ன்னு சொல்லிட்டு அங்கயே நிறுத்தினா, காரணத்தையும் பிடுங்கிட்டு வெறுங்கையோட அனுப்பின மாதிரி ஆயிடும். "வெள்ளை படுது, எலும்பு உருகுது"ன்னு வர்றவங்ககிட்டயும் இதே கதைதான். எலும்பு உருகாது. அவங்க இடுப்பு வலி நிஜம்.

இனி என் தப்பு. 19 வயசுப் பொண்ணு, மாசாமாசம் தூரம் வர்ற மொத நாள் அவங்கம்மா கூட்டிட்டு வருவாங்க. டைக்ளோன்னு ஒரு வலி ஊசி போட்டு அனுப்புவேன். "கல்யாணம் ஆனா சரியாயிடும்"னு நானே என் வாயால சொல்லியிருக்கேன். மூணு வருஷம் கழிச்சு எண்டோமெட்ரியோசிஸ்னு வேற இடத்துல கண்டுபிடிச்சாங்க. கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரியான திசு வெளியில வளர்ற நோய். பிள்ளை பெறும் வயசுல உள்ள பெண்கள்ல ஏறக்குறைய பத்துல ஒருத்தருக்கு இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அப்ப என் ஓபியில எத்தனை பேர் உட்கார்ந்திருந்திருப்பாங்க! மலம் கழிக்கும்போது வலிக்குதான்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா போதும். அம்மாவை வெளிய உக்காரச் சொல்லிட்டுக் கேட்டிருக்கணும்.

இப்ப ஒரு பழக்கம் வச்சிருக்கேன். "உடம்பு வலி"ன்னு நான் எழுதறதில்ல. அவங்க சொன்ன வார்த்தையையே தமிழ்ல எழுதறேன். குடைச்சல், உளைச்சல், கடுப்பு, இழுப்பு, எரிச்சல், மதமதப்பு. எரிச்சலும் மதமதப்பும் பெரும்பாலும் நரம்பு, அதுக்கு வலி மாத்திரை அவ்வளவாக் கேக்காது. இவ்வளவு சொல் வச்சிருக்கிற சனங்ககிட்ட ஒரே சொல்லை வாங்கி எழுதிக்கிட்டிருந்தோம்.

மூட்டை:

மண்டியில மூட்டை இறக்குற வேலை. இருபது வருஷம். டாக்டரம்மா, எங்களை யாரும் தப்பாப் பாக்கல, நாங்க வந்தாத்தான பாப்பீங்க.

இடுப்பு புடிச்சா மெடிக்கல்ல ஒரு செட்டு வாங்குவோம். ரெண்டு வலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை, சின்னக் கவர்ல போட்டுத் தருவாங்க. சீட்டெல்லாம் கேக்க மாட்டாங்க. தினம் ரெண்டு செட்டு, ராத்திரி ஒரு குவாட்டரு. மூணு வருஷம். கூட வேலை பாக்குற அத்தன பேரும் அப்படித்தான், இதுல என்ன சொல்லிக்கிறதுக்கு இருக்கு?

எம் பொண்டாட்டிக்கு சுகர். 2021ல மக்களைத் தேடி மருத்துவம் வந்ததுல இருந்து மாத்திரை வீட்டுக்கே வரும். கொண்டாந்த அம்மா ஒரு நாள் "அண்ணே, சும்மா கையக் காட்டுங்க"ன்னு பிரஷர் பாத்தாங்க. 170க்கு 110. மறுநாள் இழுத்துட்டுப் போனாங்க. "வலிக்கு ஏதாவது சாப்பிடறீங்களா?"ன்னு டாக்டர் கேட்டார். ஒண்ணும் இல்லைங்கன்னு சொன்னேன். எம் பொண்டாட்டி ஒண்ணும் பேசல. மஞ்சப்பையைத் தொறந்து மேசைல கவுத்தா. எஞ்சட்டையத் துவைக்கிறப்பல்லாம் பையில கெடச்ச காலி அட்டை. எத்தனை மாசமாச் சேத்து வச்சிருந்தாளோ, மேசை ரொம்பிப் போச்சு.

ரத்தத்துல கிரியேட்டினின் 2.1. கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற அளவாம், எனக்கு ஜாஸ்தி. வலி மாத்திரை பிரஷரையும் ஏத்தும், கிட்னியையும் கெடுக்கும்னு அன்னிக்குத்தான் தெரியும். "வலியால தூக்கம் கெடுதா, மனசு எப்படி இருக்கு?"ன்னு டாக்டர் கேட்டார். பதில் வரல. அந்தக் கேள்விய எங்கிட்ட யாரும் கேட்டதில்ல.

சும்மா ஒரு ஆள்:

எல்லாத்துலயும் ஆண் பெண்ணுன்னு பிரிக்கணுமா? வலின்னா வலிதானே. நல்ல டாக்டர் கெட்ட டாக்டர் பிரச்சினையை இங்க கொண்டு வராதீங்க.

ஓபி டாக்டர்:

@சும்மா ஒரு ஆள், நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா உடம்பே பிரிச்சு வச்சிருக்கு. ஒற்றைத் தலைவலி பெண்களுக்கு ஆண்களை விட மூணு மடங்கு அதிகம். தலைவலிக்கு முன்னாடி கண்ணுல மின்னல் மின்னலாத் தெரியற வகைன்னா, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பக்கவாத ஆபத்தைக் கூட்டும். அப்ப தலைவலின்னு வர்ற பொண்ணுகிட்ட அதையும் கேட்டுத்தானே ஆகணும்? வலி மாத்திரைகள்ல பல, 20 வாரத்துக்கு மேல கர்ப்பிணிக்கு ஆகாது. சோல்பிடம்ங்கிற தூக்க மாத்திரையோட அளவைப் பெண்களுக்குப் பாதியாக் குறைக்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013ல சொல்லுச்சு, அந்த மாத்திரை சந்தைக்கு வந்து இருபது வருஷம் ஆனப்புறம். வலி ஆராய்ச்சியில ரொம்ப காலம் ஆண் எலிகளைத்தான் வச்சுப் பாத்தாங்க. 2015ல பெண் எலியையும் சேர்த்துப் பார்த்தா, வலியை நீடிக்க வைக்கிற செல்லே வேற வேறன்னு வந்துச்சு.

ஆண்களும் இதுல ஏமாந்திருக்காங்க. உடம்பு முழுக்க நாள்பட்ட வலி இருக்கிற பைப்ரோமயால்ஜியாவுக்கு 1990ல வச்ச விதி, உடம்புல 18 இடத்துல அழுத்தி 11ல வலிச்சாத்தான் நோய்னு. அழுத்தினா பெண்களுக்குச் சீக்கிரம் வலிக்கும். அதனால ஆண்கள் நிறையப் பேர் கணக்குலயே வரல. 2010ல அந்த அழுத்திப் பாக்கறதை எடுத்தாங்க.

ரெண்டாவது மாடி:

பட்டுப்புடவை செக்ஷன்ல பத்து வருஷம். காலைல கட்டில்ல இருந்து மொத அடி வைக்கும்போது குதிகால்ல ஆணி ஏறும். டாக்டர்கிட்ட போனா "வெயிட்டைக் குறைங்க." ரெண்டாவது டாக்டரும் "வெயிட்டைக் குறைங்க." பதினோரு மணி நேரம் நிக்கறேன்னு சொல்ல இடமே கிடைக்கல.

கடைங்கள்ல உக்கார இடம் தரணும்னு 2021லயே தமிழ்நாட்டுல சட்டம் வந்தாச்சு. எங்க கடையிலயும் ஸ்டூல் வந்துச்சு. இருக்கு. அது மேல டெலிவரி கவர் அடுக்கி வச்சிருக்கோம். உக்காந்தா சூப்பர்வைசர் ஒண்ணும் சொல்ல மாட்டார், பாப்பார். பாத்ரூம் கீழ்த்தளத்துல, அதுக்காகத் தண்ணியே குடிக்கறதில்ல. யூரின் இன்ஃபெக்ஷன் தனிக் கதை.

சும்மா ஒரு ஆள், உங்களுக்கு ஒரு கேள்வி. உங்க ஆபீஸ்ல உக்கார யார்கிட்டயாவது பர்மிஷன் கேப்பீங்களா?

நாரி நோ:

நான் லண்டன், சொந்த இடம் யாழ்ப்பாணம். அம்மாவுக்கு இங்கிலிஷ் தெரியாது. பதினாறு வயசில ஜிபியிட்ட, அதுதான் குடும்ப டொக்டரிட்ட, அவவோட போய் மொழிபெயர்க்கிறது நான்தான். அம்மா "அடிவயிறு நோகுது தம்பி, நாரி வரைக்கும் இழுக்குது" எண்டா. நாரி எண்டது எங்கட பேச்சில இடுப்பு. மாதவிடாய் எண்டு மகனுக்கு முன்னால எப்பிடிச் சொல்லுறது? நான் வயிற்று நோ எண்டு சொல்லிப்போட்டன். ஒரு வருஷம் காஸ் மருந்து. பிறகு ரிசெப்ஷனில இருந்த ஒரு பிள்ளைதான் பெண் மொழிபெயர்ப்பாளரைப் போனில எடுக்கலாம், காசில்லை எண்டு சொன்னது. அம்மா கதவைச் சாத்திப்போட்டு முக்கால் மணித்தியாலம் கதைச்சவ. கருப்பையில பைப்ரோய்ட் கட்டி. நான் வெளிய கதிரையில இருந்தனான்.

தாடி வந்தாச்சு:

திருநம்பி. பொறந்தப்ப பொண்ணுன்னு எழுதினாங்க, நான் ஆண். அடிவயித்து வலியோட மகப்பேறு வரிசையில நின்னா செக்யூரிட்டி "தம்பி, ஆம்பளை ஓபி அந்தப் பக்கம்"பார். டோக்கன் கூப்பிடும்போது பழைய பேர் வரும், எல்லாத் தலையும் திரும்பும். ரெண்டு வருஷம் போகவே இல்ல, டீக்கடை பாராசிட்டமால்தான். முதுகும் விலாவும் வலிச்சது வேற. கடைசியில ஒரு நர்ஸ் அக்கா எதையும் சுத்தி வளைக்காம "பைண்டர் எத்தனை மணி நேரம் போடறீங்க?"ன்னு கேட்டாங்க. நெஞ்சு தெரியாம இறுக்கிப் போடற உள்ளாடை அது. பதினாலுன்னு சொன்னேன். எட்டுக்கு மேல வேண்டாம், தூங்கும்போது கூடவே கூடாதுன்னாங்க. விலா வலி ஒரு மாசத்துல பாதி போச்சு. அடிவயித்து வலிக்கு இன்னும் அலையறேன்.

வீடு வீடாக:

பிசியோதெரபிஸ்ட், ஆண். வீட்டுக்கே போய்ப் பாக்கற வேலை. முழங்கால் வலிதான் அதிகம், அதுலயும் அம்மாக்கள்தான்.

தயவுசெஞ்சு "தேய்மானம்"னு சொல்லி அனுப்பாதீங்க டாக்டர்களே. டயர் மாதிரி நெனச்சுக்கறாங்க. ஓட்ட ஓட்ட இன்னும் தேயும்னு நடக்கறதையே நிறுத்திடறாங்க. தொடை சதை வத்தி, வலி இரட்டிப்பாயிடுது.

அடுத்து, "தினம் இருபது நிமிஷம் பயிற்சி"ன்னு தாள்ல படம் போட்டுக் குடுத்தா ஆம்பளைங்க செய்வாங்க, பாய் போட்டு. அவங்க செஞ்சு முடிக்கற வரைக்கும் அந்த அம்மா காபியோட நிப்பாங்க. பொம்பளைங்களுக்கு இருபது நிமிஷம் சேர்ந்தாப்ல கிடையாது. அதனால குக்கர் கணக்கு வச்சேன். பருப்புக்கு மூணு விசில். மொத விசில் வரைக்கும் மேடையைப் புடிச்சுக்கிட்டு நாற்காலியில உக்காந்து எந்திரி. ரெண்டாவது வரைக்கும் குதிகாலை உயர்த்தி இறக்கு. மூணாவதுக்கு ஒத்தக் கால்ல நில்லு, அப்புறம் மாத்து. ஒரு பாட்டி என்னைப் பார்த்ததும் "இன்னிக்குக் கொண்டக்கடலைடா, ஆறு விசிலு"ன்னு சிரிச்சாங்க.

திருப்பூர் தையல்:

எல்லாத்தையும் படிச்சேங்க. மூட்டை அண்ணே, அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க. ரெண்டாவது மாடி, குதிகால் வலி எனக்கும் இருக்கு, எங்க டாக்டர் அதையும் இந்த வியாதிக்கணக்குலதான் சேர்த்தாங்க. காலைல முதுகும் புடிக்குதான்னு பாத்துக்கோங்க.

இன்பாக்ஸ்ல நாலஞ்சு பேர் ரத்த டெஸ்ட் பேரு கேட்டிருக்கீங்க. நீங்களா லேப்ல போய் எடுக்காதீங்க. அது பாசிட்டிவ்னு வந்த நிறையப் பேருக்கு இந்த நோயே இருக்காதாம். மொதல்ல ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது, எந்திரிச்ச எவ்வளவு நேரம் கழிச்சு உடம்பு இளகுது, இதை ஒரு வாரம் காலண்டர் தாள் பின்னாடி எழுதுங்க. நான் அப்படித்தான் எழுதிட்டுப் போனேன், அதைப் பாத்துட்டுத்தான் கோயம்புத்தூர்ல ஸ்கேனுக்கே எழுதினாங்க.

மாத்திரை கேக்குதுங்க. இப்ப மூணு மணிக்கு முழிப்பு வர்றது வாரத்துல ஒரு நாள்தான். வீட்டுக்காரர் அன்னிக்கு எந்திரிச்சு ஹால் லைட்டைப் போட்டுட்டு, "நட, நான் கதவுகிட்ட உக்காந்திருக்கேன்"ங்கறார். ரெண்டு நிமிஷத்துல உக்காந்த வாக்குலயே தூங்கிடறார்.